ஒரு மாத பாக்கி, பதினோரு அபராதம்

குடிநீர் அலுவலகத்தில் பணம் கட்ட நான்கு கவுண்ட்டர்கள் உண்டு. அவற்றில் மூன்றாவதில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்ததால் அவளுக்குப் பெயரே மூணாம் நம்பர் என்று ஆகிவிட்டது. கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள்கூட, "என்ன மூணாம் நம்பர், இன்னைக்கு லீவா?" என்றுதான் கேட்பார்கள். கோபக்காரர்கள் வேறு பெயரும் வைத்திருந்தார்கள், அபராதக்காரி என்று. அதை அவள் காதில் விழாத மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகவே சொல்வார்கள்.

அந்த ஓட்டை மார்பு உயரத்தில் இருந்தது. பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும். நாள் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் குனிந்த தலைகளும் சுருங்கிய நெற்றிகளும்தான். பில் லேட்டாக வந்தது என்பார்கள், பில்லே வரவில்லை என்பார்கள், தண்ணீரே வரவில்லை, கழிவுநீருக்கு எதற்குக் கட்டணம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில் இருந்தது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க காட்டுது." வீட்டிலும் நிம்மதி கிடையாது. அடுத்த தெருவில் இருந்த நாத்தனாருக்கு எப்போது அபராதம் விழுந்தாலும் நேராக இவள் வீட்டுக்கு வந்து, போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "உங்க ஆபீஸ்ல என்னதான் நெனச்சிட்டு இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பாள். இவளே உட்கார்ந்து விதி எழுதின மாதிரி.

விதி எழுதியது நகரசபை. நான்கு வருடம் முன்னால் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதுவரை தாமதக் கட்டணம் பில் தொகையில் ஏதோ சில்லறை சதவீதம். தீர்மானத்துக்குப் பிறகு, பதினைந்தாம் தேதி தாண்டி எவ்வளவு பாக்கி நின்றாலும் சரி, பத்தோ பத்தாயிரமோ, அந்த மாதத்துக்கு முழுசாக நூறு. பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு நூறு. வீட்டு பில்களே முந்நூறு, நானூறுதான் வரும்.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வெல்டர் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் அடித்துக் கொடுப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆள் மலை மாதிரி, குரல் மட்டும் பூனை மாதிரி. மாதம் தவறாமல் அவள் கவுண்ட்டருக்கே வருபவர். அன்று பில்லோடு இன்னொரு காகிதத்தையும் ஓட்டை வழியாக உள்ளே நீட்டினார். இணைப்பு துண்டிப்பு நோட்டீஸ். நிலுவை ஆயிரத்தைந்நூற்றி இருபது.

"மேடம், இது வேற யாருக்கோ போக வேண்டியது. நான் மாசாமாசம் கட்டிட்டுத்தான இருக்கேன்?"

"நம்பர் உங்க நம்பர்தாண்ணே."

"அப்ப நான் கட்டுன காசெல்லாம் எங்க போச்சு?"

அவள் வழக்கம்போல வாயைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் அப்படித்தான் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளே இருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் காட்டத் தொடங்கினார். பத்து ரசீது. பத்திலும் அவள் கையெழுத்து. வெல்டிங் சூடு பட்டோ என்னவோ, மூன்று ரசீதுகள் கருகினாற்போல் கறுத்துக் கிடந்தன.

கவுண்ட்டர் திரையில் மொத்தத் தொகை மட்டும்தான் தெரியும். விவரம் வேண்டுமானால் இன்னொரு பொத்தானை அழுத்தி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வரிசை நிற்கும்போது அரை நிமிடத்துக்கு எங்கே போவது? அந்தப் பொத்தானை அவள் தொட்டே பல மாதங்கள் இருக்கும். அன்று அழுத்தினாள்.

திரையில் வரிவரியாக வந்தது. பதினோரு மாதம் முன்னால் ஒரே ஒரு பில், நானூற்றி இருபது, கட்டப்படவில்லை. அதற்கு நூறு அபராதம். அடுத்த மாதம் எட்டாம் தேதியே வெல்டர் நானூற்றி இருபது கட்டியிருக்கிறார். கம்ப்யூட்டர் அதில் முதலில் நூறை அபராதத்துக்கு எடுத்துக்கொண்டது. மீதி முந்நூற்றி இருபதைப் பழைய பாக்கியில் கழித்தது. அந்த மாத பில்லுக்கு ஒரு காசு மிஞ்சவில்லை. எனவே பதினைந்தாம் தேதி அதுவும் பாக்கி. அதற்கு நூறு. அதற்கடுத்த மாதமும் இதே கதை. அவர் ஒவ்வொரு மாதமும் தேதிக்கு முன்னால் முழுத் தொகையைக் கட்ட, கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாதமும் அவரைப் பாக்கிக்காரர் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. பாக்கி வைத்தது ஒரு மாதம். அபராதம் பதினொன்று.

"அந்த ஒரு மாசம் ஏண்ணே விட்டீங்க?"

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது. "கேஸ் சிலிண்டர் ட்யூப் புடுங்கிக்கிச்சு. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. வெளிய வந்ததும் நேரா இங்கதான் வந்தேன். பாக்கினு போட்டிருக்கே, என்ன பண்ணனும்னு கேட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

அவளுக்கு நினைவில்லை. ஆனால் தான் என்ன சொல்லியிருப்பாள் என்பது நன்றாகத் தெரியும். கையில் இருக்கறத கட்டுங்க, மீதி அப்புறம் சரியாயிடும். தினமும் பத்துப் பேருக்குச் சொல்வதுதான். ஆறுதலாகச் சொல்வது மாதிரியும் இருக்கும், வரிசையும் நகரும். பின்னால் நின்ற ஒருவர், "அங்க என்ன கதாகாலட்சேபமா நடக்குது?" என்று கத்தினார்.

அன்று கவுண்ட்டரை மூடிவிட்டு வருவாய் அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர்தான், யாரையும் திட்ட மாட்டார். எதையும் செய்யவும் மாட்டார்.

"அது சாஃப்ட்வேர்மா. நான் என்ன பண்ண முடியும்?"

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே பேசினான். "விதியில எப்படி எழுதியிருக்கோ அப்படித்தாங்க போட்டிருக்கோம். மொதல்ல அபராதம், அப்புறம் பழைய பாக்கி, அப்புறம் புது பில். விதிப் பிரிவுல கேளுங்க." விதிப் பிரிவில், அது நகரசபைத் தீர்மானம், நாங்கள் மாற்ற முடியாது என்றார்கள். தீர்மானத்தை நகரசபையில் யார் கொண்டு வந்தது என்று கேட்டாள். வருவாய் அதிகாரி எழுதி அனுப்பிய குறிப்பின்படி என்று பதில் வந்தது. நான்கு மாடி ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் மனு கொடுக்க வந்தவள் மாதிரி நடந்தது அன்றுதான். கால் வலித்தது. அதைவிட, ஒவ்வொரு மேஜையிலும் தன் குரலையே கேட்டதுதான் வலித்தது.

"அவர் இணைப்பைத் துண்டிக்கறதையாவது நிறுத்தி வையுங்க சார்," என்று அதிகாரியிடம் திரும்பவும் போய்க் கேட்டாள்.

"லிஸ்ட் ஃபீல்டுக்குப் போயிடுச்சேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுநாளே வால்வை மூடிவிட்டார்கள். வெல்டரின் மனைவி அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர், தினம் பன்னிரண்டு அடுக்குக் கேரியர்கள். தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அதில் மூன்று வாடிக்கை வேறு ஆளிடம் போய்விட்டது. மூன்றாம் நாள் வெல்டர் கடன் வாங்கிக்கொண்டு வந்து, நிலுவை ஆயிரத்தைந்நூற்றி இருபது, நடப்பு பில் நானூற்றி இருபது, மறு இணைப்புக்கு ஐந்நூறு என்று மொத்தமும் கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வீட்டில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். பழகுகிறவர்கள் சுவரில் கொண்டுபோய் மோதினாலும் முகம் சுளிக்காதவர். வீட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அவ்வளவுதான்.

"ஏங்க, அந்த ஐந்நூறையாவது நான் கட்டியிருக்கலாமோ?"

"ஒருத்தருக்குக் கட்டுவ. நாளைக்கு இதே மாதிரி எத்தன பேரு வருவாங்கனு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்தக் கேள்வி மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாளிலிருந்து, பாக்கி காட்டும் ஒவ்வொரு நம்பருக்கும் அந்த விவரப் பொத்தானை அழுத்தினாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டாள். பெயர் இல்லை, நம்பர் இல்லை, வெறும் கோடுகள். அபராதம் அசல் பாக்கியைத் தாண்டியிருந்தால் இடது பக்கம், தாண்டாவிட்டால் வலது பக்கம். வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. ஆட்கள் பல்லைக் கடித்தார்கள். "இந்தம்மா கைக்கு என்ன வாதமா?" என்று ஒருவர் கேட்டார். நான்காம் கவுண்ட்டர்காரர், "நீ மெதுவா பண்றதால என் பக்கம் கூட்டம் ரெண்டு மடங்கு. புண்ணியமாப் போகும், கொஞ்சம் வேகமா போடும்மா," என்று கும்பிட்டார். அவள் விடவில்லை. இருபத்தாறு வேலை நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, பாக்கியோடு வந்தவர்கள் முந்நூற்றி நாற்பத்தேழு பேர். அதில் நூற்றித் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அபராதம் அசலைவிடப் பெரிது.

அந்த வாரமே நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். தாமதக் கட்டணத்தைப் பற்றிப் புகார்கள் அதிகமாகிவிட்டதால் நகரசபையின் நிதிக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறதாம். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. ஒருவருக்கு மூன்று நிமிடம்.

அதிகாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஊழியர்கள் யாரும் பேசக் கூடாதும்மா. தெரியும்ல?"

"தெரியும் சார். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

வெல்டரின் பட்டறைக்கு அவளே நடந்து போனாள். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை உங்க ரசீதெல்லாம் எடுத்துட்டு வருவீங்களா?"

"வந்தா காசு திரும்பக் கிடைக்குமா மேடம்?"

"தெரியாது."

"அப்படிச் சொல்லுங்க. அதையாவது நம்பலாம்," என்றார்.

கூட்ட அறையில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முதலில் அதிகாரி பேசினார். அபராதம் இருப்பதால்தான் ஜனங்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், குறைத்தால் யாரும் கட்ட மாட்டார்கள், குழாய் பழுது பார்க்கக் காசு இருக்காது என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குழுவில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். "அபராதம் விழுந்தவங்கள்ல எத்தன பேரு உண்மையாவே கட்டாதவங்க, எத்தன பேரு கட்டியும் மாட்டிக்கிட்டவங்க?" என்று கேட்டார். அந்த விவரம் தற்சமயம் கைவசம் இல்லை என்றார் அதிகாரி.

மூணாம் நம்பர் பேச வேண்டிய முறை வந்தது. மைக்கின் உயரம் சரியில்லை. அவள்தான் இப்போது குனிய வேண்டியிருந்தது.

"நான் இந்த ஊர்ல குடியிருக்கறவ. நானும் தண்ணி பில் கட்டுறேன்," என்று ஆரம்பித்தாள். "இங்க ஒரு அண்ணன் வந்திருக்காரு. கை வெந்து ஆஸ்பத்திரில கெடந்ததால ஒரு மாசம் கட்டல. அதுக்கப்புறம் பத்து மாசம், ஒரு மாசங்கூட தேதி தாண்டல. பத்து மாசமும் அவருக்கு அபராதம். அவர் கட்டுன காச மொதல்ல அபராதத்துல வரவு வெச்சதால, அவர் எவ்வளவு ஓடுனாலும் பாக்கி அவருக்கு முன்னாலயே ஓடுது. ஒழுங்கு வரணும்னு அபராதம் போட்டா, ஒழுங்கா கட்டுறவருக்கு ஏன் தண்ணிய மூடுனீங்க?"

வெல்டர் எழுந்து ரசீதுகளை மேஜை மேல் வரிசையாக வைத்தார். கறுத்துப்போன மூன்றையும் சேர்த்து.

அவள் காலண்டர் தாளை எடுத்து எண்களைப் படித்தாள். குழுத் தலைவர் முகத்தைச் சுருக்கினார். "இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"ஒரு பேரோ நம்பரோ இதுல இல்லீங்க. வெறும் எண்ணிக்கை. தப்புன்னா நீங்களே எண்ணிப் பாருங்க, உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

மணி அடித்துவிட்டார்கள். மூன்று நிமிடம் முடிந்தது. சொல்ல நினைத்ததில் முக்கால்வாசி பாக்கி நின்றது. முக்கியமாக, அவரிடம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியது தான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. அதற்கு நேரம் போதவில்லை என்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள். நேரம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஏழு வாரம் கழித்துத் தீர்மானம் வந்தது. இனி தாமதக் கட்டணம் அந்த பில்லில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பில்லுக்கு ஒரு தடவைதான். கட்டும் பணம் முதலில் பில்லுக்கு, கடைசியில்தான் அபராதத்துக்கு. அவள் அதை நான்கு முறை படித்தாள். ஐந்தாவது முறைதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. ஏற்கெனவே கட்டிய அபராதத்தைத் திரும்பப் பெற வேண்டுவோர், எல்லா மாத ரசீதுகளையும் இணைத்துத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அதே நாளில் அவளுக்கு ஒரு மெமோவும் வந்தது. அனுமதியின்றிப் பொதுவெளியில் பேசியது ஏன்? லீவில் இருந்தேன், நுகர்வோராகப் பேசினேன், என் இணைப்பு எண் இது என்று மூன்று வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இட மாற்றம் என்றார்கள். மீட்டர்கள் அடுக்கி வைக்கும் பின்கட்டு அறையில் ஒரு மேஜை போட்டு, வரப்போகும் விண்ணப்பங்களை எல்லாம் நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

"உங்களுக்குத்தான இதுல அக்கறை," என்றார் அதிகாரி. அவர் கிண்டலாகச் சொன்னாரா மெய்யாகச் சொன்னாரா என்பது இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை.

மூவாயிரத்துச் சொச்சம் விண்ணப்பம் வந்தது. வந்தவற்றில் பாதியில் ரசீது என்று ஒட்டியிருந்தது வெள்ளைத் தாள். ரசீது அச்சடிக்கும் காகிதம், கவரில் போட்டு வைக்காவிட்டால் நான்கு மாதத்தில் எழுத்து மங்கிப்போகும் ரகம். "நான் கட்டினேன் மேடம், சத்தியமா கட்டினேன்," என்று ஒரு அம்மாள் வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அவளுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நம்ம கம்ப்யூட்டர்லயே எல்லா வரவும் இருக்கே சார். அவங்க எதுக்கு ரசீது கொண்டு வரணும்?"

"தீர்மானத்துல அப்படிப் போட்டிருக்கேம்மா."

அவள் குறிப்பு எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். கோப்பு காணோம் என்றார்கள். மூன்றாவதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கணக்கு டீச்சருக்கு அனுப்பினாள். அது வேலை செய்தது. ரசீது இல்லாவிட்டால் அலுவலகப் பதிவேட்டின் நகலே போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அழுத அம்மாளின் விண்ணப்பத்தை அன்று மத்தியானமே எடுத்து முடித்தாள்.

வெல்டரின் முறை வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. நானூற்றி இருபதுக்கு நூற்றுக்கு ஐந்து, இருபத்தொன்று. அவர் கட்டிய அபராதம் ஆயிரத்து நூறு. திரும்ப வர வேண்டியது ஆயிரத்து எழுபத்தொன்பது. கையில் தர மாட்டார்கள், வரும் பில்களில் கழிப்பார்கள். உத்தரவை வாங்க அவர் பின்கட்டுக்கு வந்தார். மீட்டர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே படித்தார்.

"அந்த ஐந்நூறு?"

"மறு இணைப்புக் கட்டணம் தீர்மானத்துல வரலண்ணே. அதுக்கும் எழுதியிருக்கேன்."

அவர் தலையாட்டினார். போகத் திரும்பினார். அவள் சட்டென்று எழுந்தாள். இங்கே குறுக்கே கண்ணாடி இல்லை.

"அண்ணே, மொத மாசம் நீங்க கேட்டப்ப, சரியாயிடும்னு நான்தான் சொல்லியிருப்பேன். விவரம் பாக்காமலே சொல்லிட்டேன். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மன்னிச்சிருங்க."

வெல்டர் திரும்பி வந்தார்.

"ஞாபகம் இருக்கு மேடம். ரெண்டு தடவ சொன்னீங்க. அதனாலதான் ஒவ்வொரு மாசமும் உங்க கவுண்ட்டர்லயே வந்து நின்னேன். சொன்னவங்க பாத்துக்குவாங்கன்னு."

அவர் உத்தரவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஐந்நூறு விஷயம் என்னாச்சுனு அடுத்த மாசம் வந்து கேக்குறேன்," என்றார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை, கணக்கு இன்னும் தீரவில்லை என்று சொல்லும் தொனி மட்டும்.

சொன்னபடி வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மறு இணைப்புக் கட்டணம் பற்றி அவள் நான்கு குறிப்பு எழுதிவிட்டாள், நான்காவது இப்போது நிதிக்குழுவில் இருக்கிறது என்றார்கள். கோப்பு எண்ணை ஒரு சீட்டில் பேனாவால் எழுதி, மங்காமல் இருக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தாள்.